புது பெயின்ட் வாசனை வந்தா கொஞ்சம் உஷாரா இருங்க (பழைய ஃபிளாட் வாங்குறவங்களுக்கு)

மடிப்பாக்கத்துல 1995ல கட்டின ஃபிளாட், மொத்தம் 8 வீடு, நம்மது மேல் மாடி. வாடகைக்கு விடலாம்னு வாங்கினேன். புரோக்கர் ஒரு பேப்பர்ல எழுதியே காமிச்சார், மாசம் 13,500, வருஷம் 1,62,000, மெயின்டனன்ஸ் குடியிருக்கிறவங்க குடுத்துடுவாங்க, உங்களுக்கு செலவே இல்ல சார்னு. நானும் அந்த பேப்பரை வீட்ல காமிச்சு பெருமை அடிச்சுக்கிட்டேன், ரிப்பேர்னு ஒரு வரி அதுல இல்லாதது கண்ணுலயே படல.

வீடு பாக்கப் போனப்ப பளிச்சுனு இருந்துச்சு. பெட்ரூம் சீலிங் மட்டும் மத்த ரூமை விட வெள்ளையா இருந்துச்சு, ஏன்னு கேட்டேன், விக்கிறதுக்கு முன்னாடி ஒரு கோட்டிங் அடிச்சோம்னாங்க. விட்டுட்டேன்.

நவம்பர் மழையில ஒரு நாள் காலைல குடியிருக்கிற தம்பி வாட்ஸப்ல போட்டோ அனுப்புறார். கட்டில் மேல தட்டு சைஸுக்கு கான்கிரீட் பெயர்ந்து விழுந்து கிடக்கு, நல்ல வேளை குழந்தை ஹால்ல இருந்திருக்கு. போய் பாத்தா கம்பி வெளிய தெரியுது, விரல்ல தொட்டா துரு அடுக்கடுக்கா பப்ஸ் மாதிரி உதிருது. மேல இருந்து வருஷக்கணக்கா தண்ணி இறங்கி கம்பி துருப்பிடிச்சிருக்கு, துருப்பிடிச்ச கம்பி ஊதும், ஊதினா கான்கிரீட்டை கீழ தள்ளிடும், அதை பட்டி வச்சு மூடி பெயின்ட் அடிச்சு என் தலையில கட்டிட்டாங்க. ஒரு சாவியால தட்டி பாத்திருந்தா டொப்பு டொப்புனு பொள்ளல் சத்தம் கேட்டிருக்கும், இதை அப்புறம் கொத்தனார் தான் சொன்னார்.

அதோட விட்டுச்சா. அவசரத்துல ஒரு வாட்டர்ப்ரூஃபிங் ஆளை பிடிச்சேன், 10 வருஷ வாரண்டின்னு லெட்டர்பேட்ல எழுதி குடுத்து 38,000 வாங்கினார். மொட்டை மாடில பதிச்ச பழைய தட்டோடு (தட்டையான ஓடு) விரிசல் விட்டு, தண்ணி ஓடுற சரிவு போய் தேங்குது, அதை எடுக்காம அது மேலயே கெமிக்கல் அடிச்சுட்டு போயிட்டார். அடுத்த மழைக்கே ஒழுகிச்சு, அவர் போன் இன்னிக்கு வரைக்கும் சுவிட்ச் ஆஃப்.

அசோசியேஷன்ல கேட்டா ரிசர்வ் பணம்னு ஒண்ணுமே இல்ல, மாடி பொதுவா இருந்தாலும் ஒழுகுறது உங்க வீடு தானேன்னு பாதி பேர் கழண்டுக்கிட்டாங்க. வாங்குறதுக்கு முன்னாடி அவங்க பேங்க் பாஸ்புக்கை கேட்டு பாத்திருக்கணும். கடைசில தட்டோடு பெயர்த்து திரும்ப போட என் பங்கு 60,000, கம்பி துருவை சுரண்டி கலவை பூச 85,000, தம்பி காலி பண்ணிட்டதால 3 மாசம் வாடகை இல்ல, அது 40,500. வீணாப்போன 38,000த்தையும் சேத்தா 2,23,500, அதாவது பதினாறு மாச வாடகைக்கு மேல. குடியிருக்கிறவங்க கிட்ட கேக்கவும் முடியாது, 2017 வாடகைச் சட்டப்படி கட்டட ரிப்பேர் ஓனர் பொறுப்பு, கேக்குறதும் நியாயம் இல்ல. டேக்ஸ்லயும் வீட்டு வரி போக வாடகைல 30% தான் ரிப்பேர் கழிவு, ரெண்டு லட்சம் செலவு பண்ணாலும் அதே 30% தான்.

இப்ப மாசம் 3,000 தனியா ஆர்.டி. போடுறேன், 9,000 சேர்ந்திருக்கு. நேத்து கீழ் வீட்டு அம்மா போட்டோ அனுப்பியிருக்காங்க, அவங்க பாத்ரூம் சீலிங்ல ஈரமாம், எங்க பாத்ரூம்ல இருந்து தான் இறங்குதாம்.