ஐபிஎஸ் வயிற்றுக்கு எந்தப் பத்தியம்? அக்கா வீட்டில் பார்த்த இரண்டு வழிகள்

சேலத்தில் இருக்கும் என் அக்காவுக்குப் பல வருடமாக ஐபிஎஸ் (IBS) என்ற குடல் எரிச்சல் கோளாறு. சாப்பிட்டதும் வயிறு உப்பும், உடனே கழிவறைக்கு ஓட வேண்டும். மலத்தில் ரத்தமோ எடைக் குறைவோ ரத்தசோகையோ இல்லை என்று டாக்டர் உறுதி செய்த பிறகுதான் சாப்பாட்டில் கை வைத்தோம். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதல் வழி எளிது. நேரத்துக்குச் சாப்பிடுவது, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது, எண்ணெய், காரம் குறைப்பது, காபி, டீ மூன்று கப்போடு நிறுத்துவது. அக்காவுக்கு ஏற்காடு காபி தினமும் ஐந்து டம்ளர் வேண்டும். இரண்டாகக் குறைத்ததுமே காலை அவசரம் பாதி அடங்கியது. வயிறு உப்புவது மட்டும் போகவில்லை.

இரண்டாவது, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான லோ ஃபாட்மேப் (low FODMAP) பத்தியம். ஃபாட்மேப் என்பது சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில மாவுச்சத்துகள்; அவை பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகின்றன. அவை உள்ளவற்றை 2 முதல் 6 வாரம் ஒதுக்கிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பார்கள்.

நம் சமையலறையில் இது லேசில்லை. வெங்காயம், பூண்டு, பருப்பு, கோதுமை, பால், மாம்பழம் எல்லாமே பட்டியலில் வரும். சேலத்துத் தெருக்கடைத் தின்பண்டமான தட்டுவடை செட்டையே பாருங்கள். வயிற்றைக் கெடுப்பது காரம் என்றே நினைத்திருந்தோம். இரண்டு தட்டைக்கு நடுவே வெங்காயம், சட்னியில் பூண்டு என்பதை யோசிக்கவே இல்லை. நல்லவேளை, சோறும் ஜவ்வரிசியும் தப்பித்தன. பூண்டுக்கும் வழி உண்டு. முழுப் பல்லை எண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுவிட்டால் வாசனை தங்கும். தொந்தரவு தரும் சத்து எண்ணெயில் கரையாது.

எது மேல்? 2015இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் 75 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். இரு தரப்பிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குணம் தெரிந்தது. அதனால் செலவில்லாத முதல் வழியில் தொடங்குங்கள் என்பேன். நாலைந்து வாரத்தில் போதாவிட்டால், உணவியல் நிபுணரின் துணையோடு இரண்டாவது. ஒதுக்கும் கட்டத்திலேயே மாதக்கணக்கில் நின்றுவிடுவதுதான் பெரிய தவறு. நல்ல குடல் பாக்டீரியாவும் குறையும், சத்தும் குறையும். ஏற்கெனவே மெலிந்தவர்கள், கர்ப்பிணிகள் தாங்களாக இதில் இறங்கவே வேண்டாம்.

அக்காவுக்குத் திரும்பச் சேர்த்தபோது, ஊறவைத்து நீரை வடித்த பருப்பு கொஞ்சம் ஒத்துக்கொண்டது. வெங்காயம் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது தட்டுவடைக் கடையில், "வெங்காயம் வேண்டாங்க, சட்னியும் வேண்டாம், கேரட், பீட்ரூட் மட்டும் வைங்க" என்கிறார். கடைக்காரரும் அப்படியே வைத்துத் தருகிறார்.