ஐடிலில் செயின் ஓடுகிறதா? "கார்பரேட்டர் போச்சு சார்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

மொத்தம் 7,300 ரூபாய் போனது. அதைக்கூட விடலாம், நல்லா இருந்த பிஸ்டனில் கோடு விழுந்துவிட்டது, அதுதான் வயிற்றெரிச்சல்.

மெஷின் பெரியப்பாவுடையது. ஸ்டில் 070 செயின்சா, மரம் அறுக்கும் மெஷின். நூறு சிசிக்கு மேல், செயின் பிரேக் கிடையாது, தூக்கினால் தோள்பட்டை பேசும். மரக்காணம் பக்கம் அவருக்கு இருந்த சவுக்குத் தோப்பில் வருஷக்கணக்காக ஓடியது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்து எங்கள் தெருவே மரத்துக்கு அடியில் கிடந்தபோது சேலையூருக்குக் கொண்டுவந்தார். அதற்கப்புறம் எங்கள் மாடிப்படிக்கு அடியிலேயே தூங்கியது. டேங்கில் பெட்ரோலோடு. அது என் தப்பு.

போன மழையில் பின்பக்கத்துத் தூங்குமூஞ்சி மரக்கிளை ஒடிந்து காம்பவுண்ட் சுவர்மேல் சாய்ந்ததும் மெஷின் ஞாபகம் வந்தது. கழுவி, புது பெட்ரோல் ஊற்றி, ஏழெட்டு முறை கயிறு இழுத்ததும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆனால் ரேஸிலேயே நின்றது. டிரிக்கரை விட்டால் இஞ்சின் மெதுவாக ஓடும், அதுதான் ஐடில், அப்போது செயின் நிற்க வேண்டும். இதில் சுற்றிக்கொண்டே இருந்தது.

பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில், வாசலில் வரிசையாகப் புது செயின்சா தொங்கும் கடை. கடைப் பெயரை இங்கே நான் எழுதவில்லை. கவுன்ட்டரில் இருந்தவர் மெஷினை ஸ்டார்ட்கூடப் பண்ணவில்லை. "கார்பரேட்டர் போச்சு சார், பழைய மாடல், ஸ்பேர் கிடைக்காது. ஆனா எங்ககிட்ட ஒண்ணு இருக்கு" என்றார். ஸ்பேர் கிடைக்காது என்பவரிடம் மட்டும் எப்படி ஒன்று இருக்கும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு விடும் பாகம்) 4,800, கூலி 1,000. பில் கேட்டதற்கு நோட்டில் கிழித்த துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

கடையில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டியபோது அமைதியாகத்தான் ஓடியது. இரண்டு நிமிஷம். சூடேறாத இஞ்சினின் இரண்டு நிமிஷத்தை வைத்து எதையும் முடிவு பண்ணக் கூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து நாலு துண்டு அறுத்ததும் பழைய கதை. மூச்சு வாங்க மெஷினைத் தரையில் வைத்துவிட்டு நெற்றியைத் துடைக்கிறேன், செயின் மெல்ல ஊர்ந்து பக்கத்தில் கிடந்த பச்சை ஹோஸ் பைப்பைக் கவ்விவிட்டது. பைப் பாம்பு மாதிரி ஒரு துள்ளல் துள்ளி இரண்டாகி விழுந்தது. அரை அடி தள்ளி என் கால். செருப்புதான் போட்டிருந்தேன், திட்ட வேண்டாம், அம்மா திட்டி முடித்துவிட்டார்.

திரும்பக் கடைக்கு. "பெட்ரோல்ல எத்தனால் கலக்குறான் சார், எல்லாத்தையும் அரிச்சிடுது" என்றார். எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும், அது உண்மை. ஆனால் போன வாரம் போட்ட புதுச் சாமானுக்கு அந்தக் காரணம் எப்படிப் பொருந்தும்? சர்வீஸ் என்று 1,500 வாங்கிக்கொண்டு ஸ்குரூக்களைத் திருகினார். "இப்ப சவுண்டைக் கேளுங்க, எப்படிக் கத்துது!" கணீரென்று கத்தியது. நானும் மயங்கிவிட்டேன். அந்தக் கத்தல்தான் பிஸ்டனைத் தின்றது.

உண்மையைக் கண்டுபிடித்தவர் புதுப்பேட்டையில் பழைய ஆர்எக்ஸ் 100 வண்டிகளைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு அண்ணன். முதலில் பாரையும் (செயின் சுற்றும் நீளத் தகடு) செயினையும் கழற்றி ஓரமாக வைத்தார். ஸ்டார்ட் பண்ணிச் சூடேறும்வரை காத்திருந்தார். கார்பரேட்டர் சிலிண்டரோடு சேரும் இடத்தில் கிளீனர் ஸ்பிரேயை ஒரு பீச்சு. சத்தம் சட்டென்று மாறியது. "கேட்டியா தம்பி? காத்து இங்க இழுக்குது."

நடுவில் இருந்த கேஸ்கட் (இடைவெளியை அடைக்கும் மெல்லிய ஷீட்) காய்ந்து விரிசல் விட்டிருந்தது. அந்த வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போனதால்தான் ஐடில் ஏறியிருக்கிறது. கடைக்காரர் புது கார்பரேட்டரை மாட்டும்போது அதே கேஸ்கட்டைத் திரும்ப வைத்து முடுக்கியிருக்கிறார். ஓட்டை தெரியாமல் இருக்க எல் ஸ்குரூவை (குறைந்த வேகத்தில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்துவது) இரண்டரைச் சுற்று திறந்து பெட்ரோலை அதிகமாக விட்டிருக்கிறார். ஆறியிருக்கும்போது அது சமாளிக்கும், சூடேறினால் சமாளிக்காது. இரண்டாவது தடவை ஹெச் ஸ்குரூவை (அதிக வேகத்துக்கானது) அரைச் சுற்றுகூட இல்லாத அளவுக்கு மூடிவிட்டார், சத்தம் அதனால்தான் கணீர். இது டூ ஸ்ட்ரோக் இஞ்சின், இதில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலும் குறையும். சைலென்ஸரைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார், பிஸ்டனில் நகத்தால் கீறியது மாதிரி நெட்டுக்கோடுகள்.

புது கேஸ்கட்டை ஷீட்டில் அவரே வெட்டிப் போட்டார். அறுபது ரூபாய். ஐம்பது கொடுங்கள் போதும் என்றார், நான்தான் வற்புறுத்தினேன்.

அவர் சொன்ன வரிசையையும் எழுதிவிடுகிறேன். ஏர் ஃபில்டரைச் சுத்தம் பண்ணாமல் ஸ்குரூவைத் தொடாதீர்கள். எல், ஹெச் இரண்டையும் மெதுவாக மூடி, ஒரு சுற்று திறந்தால் பெரும்பாலான பழைய மெஷின்கள் ஸ்டார்ட் ஆகும். அழுத்தி மூடினால் ஊசி முனை கெடும். சூடேறியதும் எல் ஸ்குரூவைத் திருகி வேகம் அதிகமாக இருக்கும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து கொஞ்சம் திறக்கவும். டிரிக்கரை அழுத்தினால் திணறாமல் ஏற வேண்டும். ஐடில் ஸ்குரூ கடைசியில்தான், செயின் அசையாமல் நிற்கும்வரை குறைக்கலாம். ஹெச் பக்கம் பேராசை கூடாது. வெறுமனே முழு ரேஸ் கொடுத்தால் சத்தம் லேசாகக் கொழகொழவென்று இருக்க வேண்டும், மரத்தில் இறங்கியதும் சத்தம் தெளியும். மெஷினைச் சாய்க்கும்போது ஐடில் மாறினாலோ, ஸ்குரூவுக்குக் கட்டுப்படாமல் ஏறினாலோ, டியூனிங்கை நிறுத்திவிட்டு ஏர் லீக்கைத் தேடுங்கள். ஐடில் சரியாக இருந்தும் செயின் ஓடினால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் பழைய கார்பரேட்டர். கம்பெனி பெயர் பொறித்த டில்லட்சன் அது. டயாஃப்ரம் கிட் (உள்ளே இருக்கும் சவ்வுகள்) மாற்றினாலே ஓடியிருக்கும் என்றார் அண்ணன். இப்போது மாட்டியிருப்பதில் பெயரும் இல்லை, நம்பரும் இல்லை, டூப்ளிகேட். பழையதைக் கேட்டுப் போனேன். "அது காயலான் கடைக்குப் போயிடுச்சே சார்!" கழற்றிய சாமானை அன்றைக்கே கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பில்லையும் விடாதீர்கள். கேட்டும் பில் தராமல் இருப்பதையே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. 1915 என்ற உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், துண்டுச் சீட்டையும் ஜிபே விவரத்தையும் இணைத்து. பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.

பெரியப்பாவுக்கு இன்னும் தெரியாது. வெள்ளிக்கிழமை ஃபோனில், "மெஷின் எப்படிடா ஓடுது?" என்று கேட்டார். "ஐடில்ல செயின் நிக்குது பெரியப்பா" என்றேன். அந்த வரைக்கும் பொய் இல்லை.