வெனிஸ் அரசியும் ஆம்ஸ்டர்டாம் கன்னியும்

பழைய செப்புத்தகட்டு அச்சுப் படங்களில் நகரம் என்றாலே பெரும்பாலும் பெண்தான். வெனிஸ் கையில் வாளும் தராசும், பக்கத்தில் ஊரின் காவல் புனிதரான மாற்குவின் சிங்கம். பாதி நீதிதேவதை, பாதி மாதா. யாரும் வென்றதில்லை என்ற பெருமையில் அவளும் கன்னி. கம்பீரம்தான், ஆனால் ஊர் எதை வைத்துப் பிழைக்கிறது என்று அவள் சொல்வதில்லை.

ஆம்ஸ்டர்டாம் சொல்கிறாள். டச்சு அச்சோவியர் கிளாஸ் யான்ஸ் விஸ்ஸர் 1611-இல் வெளியிட்ட நீளமான நகரக் காட்சியைப் பாருங்கள். துறைமுகம் முழுக்கக் கப்பல்கள். முன்னால், நடுவில் அவள் உட்கார்ந்திருக்க, பல தேசத்தார் சரக்கோடு வந்து நிற்கிறார்கள். சரி, அவளுக்கும் பெருமை உண்டு: ஊர்ச் சின்னத்தின் மூன்று சாய்ந்த சிலுவைகளுக்கு மேல் கிரீடம் வைக்கும் உரிமையை 1489-இல், பின்னாளில் புனித ரோமானியப் பேரரசரான மாக்சிமிலியன் கொடுத்தார். ஆனாலும் என் கண் கிரீடத்தில் நிற்பதில்லை, அந்தச் சரக்கு மூட்டைகளுக்கே போகிறது.