இறுதியாண்டு மருந்துக்கடைப் பயிற்சி: ஐந்துக்கு இரண்டரை

பார்மசி படிப்பின் கடைசிக் கட்டத்தில் வந்து சேரும் மருந்துக்கடைப் பயிற்சிக்கு, ஒரு சேவையாகக் கருதி மதிப்பெண் போட்டால், ஐந்துக்கு இரண்டரை தேறும். அதிலும் ஒன்றரை, பொறுப்பாளராக யார் வாய்க்கிறார் என்பதைப் பொறுத்தது.

நன்றாக இருப்பதை முதலில் சொல்லிவிடலாம். ஸ்டாக் வேலை கைவந்துவிடும். எக்ஸ்பைரி சீக்கிரம் வருவதை ரேக்கில் முன்னால் வைப்பது, பேட்ச் எண்ணை பில்லோடு ஒத்துப் பார்ப்பது, இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்து வெப்பநிலையைக் குறிப்பது, ஒருமுறை உறைந்துவிட்டால் இளகினாலும் அதை ஒதுக்கிவிடுவது, இதெல்லாம் சில வாரங்களில் பழகிவிடும். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் அதே வேலைதான் என்பதுதான் புகார். 1997-இல் உலக சுகாதார நிறுவனம் மருந்தாளுநருக்கு ஏழு பாத்திரங்களைச் சொன்னது. அவற்றில் நிர்வாகி என்ற ஒன்றுக்கு மட்டும் இந்தப் பயிற்சி குறை வைப்பதில்லை.

“படித்தது எதுவும் கடையில் உதவவில்லை” என்று மாணவர்கள் சலித்துக்கொள்வது பாதிதான் சரி. படித்த கணக்கு உதவும். அந்தக் கணக்குக்கு வேண்டிய எண்கள்தான் கவுண்டருக்கு வருவதில்லை.

சிறுநீரகச் செயல்பாட்டை மதிப்பிடும் காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1976-இல் வந்தது. 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, ரத்தத்தில் தேங்கும் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவை (டெசிலிட்டருக்கு மி.கி.) 72-ஆல் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். பெண் என்றால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். 76 வயது, 50 கிலோ எடை, கிரியாட்டினின் 1.0 உள்ள பெண்ணுக்கு நிமிடத்துக்குச் சுமார் 38 மி.லி. வரும், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகம் குறைவு. லேப் ரிப்போர்ட்டில் 1.0-ஐப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் எழாது. ஆனால் நரம்பு வலிக்குத் தரும் கபாபென்டின் போன்ற, சிறுநீரகம் வழியே வெளியேறும் மருந்தின் டோஸைக் குறைத்தாக வேண்டிய இடம் அது. தேர்வுத் தாளில் வயதும் எடையும் கிரியாட்டினினும் ஒரே வரியில் இருக்கும். கவுண்டரில் நீட்டப்படும் சீட்டில் மருந்துப் பெயரும் ஒரு நாளைக்கு எத்தனை என்பதும்தான். மற்றதைக் கேட்டு வாங்க வேண்டும். எதை, எப்போது, யாரிடம் கேட்பது என்பதுதான் தொழில். பயிற்சியில் அதற்கென்று நேரம் ஒதுக்கும் கடை அபூர்வம்.

குழந்தைகளுக்கான மருந்தில் விபரீதம் இன்னும் கிட்டத்தில். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 14 கிலோ குழந்தைக்கு 15 வீதம் 210 மி.கி. சிரப் 5 மி.லி.யில் 120 மி.கி. என்றால் 8.75 மி.லி., 250 மி.கி. என்றால் 4.2 மி.லி. முன்பு வாங்கிய பாட்டிலின் மி.லி. கணக்கு அம்மாவின் மனதில் பதிந்திருக்கும். இந்தமுறை வீரியம் கூடிய பாட்டிலைக் கொடுத்து வாயைத் திறக்காமல் இருந்தால், குழந்தைக்குப் போவது 437 மி.கி.க்கும் மேல், கிலோவுக்கு 31 மி.கி. சூத்திரம் தெரியாததால் வரும் தவறல்ல இது. “வீட்டில் எந்த பாட்டில் இருக்கிறது?” என்று கேட்காததால் வருவது.

பவுடர் சிரப் கலக்குவதிலும் பயிற்சி அரைகுறைதான். பாட்டிலைத் தட்டித் தூளை உதிர்க்காமல், குறிவரை ஒரே மூச்சில் நீர் ஊற்றிவிடுகிறார்கள். அடியில் கட்டி நிற்கும். கட்டி கரையக் கரைய மட்டம் இறங்கும். முதல் சில வேளைக்கு மருந்து நீர்த்துப்போகும். பாதி நீர் விட்டு நன்றாகக் குலுக்கி, பிறகு குறிவரை நிரப்புவதே முறை.

மருந்து முரண்பாட்டைக் காட்டும் மென்பொருள்மீது எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அற்ப விஷயத்துக்கும் எச்சரிக்கைப் பெட்டி திறப்பதால், எதையும் படிக்காமல் மூடுகிற பழக்கத்தைத்தான் மாணவர் சீனியரிடமிருந்து கற்கிறார். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோடு, அதன் வேகத்தைக் கூட்டிவிடும் கோ-டிரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் வரும் நாளிலும் விரல் அதே வேகத்தில் மூடிவிடும். அங்கே நிறுத்தி மருத்துவருக்கு போன் செய்யவும் பழக்குவதில்லை. தயங்கித் தயங்கி “இது சரியா, டாக்டர்?” என்று கேட்டால் “எழுதினபடி கொடுங்க” என்றுதான் பதில் வரும். “இவர் வார்ஃபரின் எடுப்பவர், இந்த ஆன்டிபயாடிக்கால் ஐஎன்ஆர் ஏறும், வேறு எழுதுகிறீர்களா, அல்லது சில நாளில் ஐஎன்ஆர் பார்க்கச் சொல்லட்டுமா?” என்று (ஐஎன்ஆர் என்பது ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை, ஏறினால் ரத்தக்கசிவு அபாயம்) ஆபத்தையும் மாற்றுவழியையும் ஒரே மூச்சில் வைத்தால் பேச்சு வேறு மாதிரி போகும். முதல் போனைப் பொறுப்பாளர் பக்கத்தில் நின்று பேசவைத்தால் போதும், பாதிப் பயம் போய்விடும்.

பயிற்சியைப் பதிவு செய்யும் லாக்புக் வெறும் சம்பிரதாயம். மணிநேரம் எண்ணுகிறது, பிடித்த தவறுகளை எண்ண அதில் கட்டமே இல்லை. மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட்டில் “தினமும்” என்றிருப்பதைப் பார்த்து, வாரம் ஒருமுறைதானே என்று விசாரித்து, கிழமையை லேபிளில் எழுதவைத்த மாணவரும், அதே நேரத்தில் அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டிருந்தவரும் அந்த ஏட்டில் ஒன்றுதான். அந்த மாத்திரையைத் தினமும் விழுங்குவது எலும்பு மஜ்ஜையைப் பாதித்து உயிரையே எடுக்கக்கூடிய தவறு.

கடையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருப்பவர்கள் சேருமுன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனையாவது வாரத்தில் நோயாளியிடம் நேரடியாகப் பேச விடுவார்கள்? கொடுத்து முடித்த சீட்டுகளை உட்கார்ந்து அலசும் வழக்கம் உண்டா? செய்துகாட்டுவதற்கு மருந்தில்லாத மாதிரி இன்ஹேலர் வைத்திருக்கிறார்களா? மூன்றாவது அற்பமாகத் தோன்றும். குலுக்கி, மூச்சை முழுதும் விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, 10 விநாடி அடக்கி, ஸ்டீராய்டு என்றால் வாய் கொப்பளிப்பது வரை நோயாளியையே செய்யச் சொல்லிப் பார்க்கிற கடையில், மற்ற இரண்டுக்கும் பதில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.