பாரிமுனைக் கடைகளில் காவிரிச் சுவர் வரைபடம்: முக்கொம்பு வரை நம்பலாம்

தலைக்காவிரி முதல் பூம்புகார் வரை ஆற்றின் போக்கை ஒரே தாளில் காட்டும் வரைபடம் இது. பாரிமுனையில் பள்ளிச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. அகலம் சுமார் ஒரு மீட்டர், துணி ஒட்டிய தாள், மேலே லேமினேஷன், இரு முனையிலும் மரக்கட்டை. அளவை 1:5,00,000, ஒரு செ.மீ.க்கு 5 கி.மீ. வாங்குவதானால் இதைத்தான் வாங்க வேண்டும். பாதி அளவில் வரும் மலிவுப் பதிப்பில் ஸ்ரீரங்கம் தீவு 3 செ.மீ.க்குள் சுருங்கி, காவிரியும் கொள்ளிடமும் ஒட்டிக்கொள்கின்றன.

மேற்பகுதியை அக்கறையோடு வரைந்திருக்கிறார்கள். ஹேமாவதியும் லட்சுமண தீர்த்தமும் கிருஷ்ணராஜசாகர் நீர்த்தேக்கத்துக்குள்ளேயே கலப்பது, தி.நரசிபுரத்தில் கபினி சேர்வது, மேகதாட்டுக்குச் சற்று மேலே அர்க்காவதி வருவது எல்லாம் சரி. பவானியின் பெயரை மட்டும் மேட்டூருக்கு மேலே அச்சிட்டுவிட்டார்கள். அது அணைக்குக் கீழே கூடுதுறையில் சேரும் ஆறு. மேட்டூர் அணைக்கு அதிலிருந்து ஒரு சொட்டும் வராது.

பெரிய கோளாறு, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில். அங்கிருந்து காவிரியைத் தடித்த கோடாகக் கடல் வரை இழுத்து, கொள்ளிடத்தை மெல்லிய கிளையாகக் காட்டுகிறார்கள். நிலைமை நேர்மாறு. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, அகலமும் அதிகம். தண்ணீர் அந்தப் பக்கமே ஓடிவிட்டதால்தான் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் அங்கே மேலணை கட்டினார். இன்றும் வெள்ளம் வடிவது கொள்ளிடத்தில்தான். காவிரியோ கல்லணையில் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் பங்கு கொடுத்து, அப்புறம் குடமுருட்டி, அரசலாறு என்று பிரித்துக் கொடுத்து, பூம்புகாரில் வாய்க்கால் அளவில் கடலைச் சேர்கிறது. இந்தப் படத்தை மட்டும் பார்த்த பிள்ளைக்கு, மேட்டூர் நிரம்பினால் ஏன் கொள்ளிடக் கரையில் எச்சரிக்கை விடுகிறார்கள் என்பது புரியவே புரியாது.

கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகும் பாதையும் விடுபட்டிருக்கிறது. 2004 முதல் சென்னைக்குக் குழாயில் வருவது அந்த ஏரித் தண்ணீர். தண்டையார்பேட்டை வகுப்பறையில் மாட்டும் படத்தில் அது இல்லாதது பெரிய குறை.

இரண்டையும் நாமே சேர்த்துவிடலாம். லேமினேஷன் மேல் நீல நிற பெர்மனன்ட் மார்க்கரால் கொள்ளிடத்தை 3 மி.மீ. தடிப்பாக்குங்கள், பிசகினால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சு போதும். வடவாற்றுக்கு மெல்லிய முனை வேண்டும்.

காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் உப்புக்காற்றில் இரும்புக் கொக்கி துருப்பிடித்து, கறை துணியில் இறங்கும். வாங்கியதும் பித்தளைக் கொக்கியோ நைலான் கயிறோ மாற்றுங்கள். மழைக்காலத்தில் வெளிச்சுவரை ஒட்டி மாட்டினால் ஈரம் ஓரமாக ஏறி லேமினேஷன் உப்பும். சுருட்டும்போது அச்சுப் பக்கம் வெளியே இருக்கட்டும். விரித்தால் ஓரம் முன்னால் சுருளாது.