எஸ்.பி. ரோட்டில் பேசும் ரெக்கார்டர் வாங்கப் போகும் பார்வையற்ற நண்பர்கள் கவனத்துக்கு

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர் ஜூம் கம்பெனியின் பழைய எச்1என் ரெக்கார்டரை, அதே கம்பெனியின் பேசும் மாடலான எச்1 எசென்ஷியல் என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார். எனக்குப் பார்வை இல்லை, கையில் வெள்ளைக் கோல் வேறு, எல்லாம் தெரிந்தேதான் செய்தார். "நீங்க கேட்ட அதே மாடல்தாண்ணா, நம்ம ஆளுக்குக் குறைச்சே தர்றேன்" என்று தமிழில் அவ்வளவு அன்பாகப் பேசினார்.

இரண்டும் ஒன்றல்ல. எச்1என் 2018இல் வந்தது. அதன் மெனு முழுக்கத் திரையில்தான், வாய் திறக்காது. சத்த அளவையும் திரையைப் பார்த்துத்தான் சரி செய்ய வேண்டும். 2024இல் வந்த எசென்ஷியல் வரிசை மெனுவைக் குரலில் சொல்லும், மெல்லிய சத்தம், ஓங்கிய சத்தம் இரண்டையும் உடையாமல் பிடிக்கிற 32 பிட் ஃப்ளோட் முறையில் பதிவு செய்வதால் சத்த அளவைக் கவனிக்கும் வேலையே கிடையாது. அல்சூர் பக்கம் பெரியவர்கள் பாடும் பழைய அம்மன் பாட்டுகளைப் பதிவு செய்பவன் நான். உடுக்கை திடீரென்று ஓங்கி ஒலிக்கும்போது மீட்டரைப் பார்த்துக் குறைக்க என்னால் முடியாது, எனக்கு அந்த மாடல் தேவைப்பட்டதே அதற்காகத்தான்.

கடையில் பேட்டரி போட்டு "ஹலோ ஹலோ" என்று பதிவு செய்து போட்டுக் காட்டினார். மெனு ஏன் பேசவில்லை என்று கேட்டேன். "அது அப்டேட் போட்டா வந்துடும்ணா" என்றார். பச்சைப் பொய். வீட்டுக்கு வந்து, ரெக்கார்டரில் இருந்த மாடல் பெயரைத் தங்கை படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. திரும்பப் போனால், பெட்டி பிரித்தாயிற்று, எடுக்க மாட்டோம் என்கிறார்கள், பிரித்ததே அவர்தான்! பில்லிலோ "வாய்ஸ் ரெக்கார்டர்" என்று மட்டும் இருக்கிறது.

தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். மைக்குக்குக் கீழே சத்த அளவைக் கூட்டிக் குறைக்கிற, கட்டைவிரலுக்கு அகப்படும் திருகு சக்கரம் இருந்தால் அது எச்1என். கேபிளையும் செருகிப் பாருங்கள், எசென்ஷியலில் டைப்-சி, எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழையும், எச்1என்னில் பழைய மைக்ரோ யூஎஸ்பி, ஒரே பக்கம்தான். அப்புறம், மெனு பேசுவதை உங்கள் காதால் கேட்கும்வரை பணத்தை எடுக்காதீர்கள். பில்லில் மாடல் பெயரை எழுதச் சொல்லிக் கூட வந்தவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

நல்லவேளை, போவதற்கு முன்பே "எச்1 எசென்ஷியல் இருக்கா" என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, "இருக்கு" என்ற பதிலும் வாங்கியிருந்தேன். அதை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். ஒரு மாடலை இன்னொரு மாடல் என்று சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அதற்கப்புறம் கடையிலிருந்து போன் வந்தது, கூடுதல் பணம் கொடுத்தால் மாற்றித் தருவார்களாம். முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

இங்கே பெங்களூரில் யாராவது, மெனு பேசுவதைக் கடையிலேயே கேட்டுப் பார்த்து எசென்ஷியல் வாங்கியிருந்தால் எந்தக் கடை என்று சொல்லுங்கள். ஆடி பிறப்பதற்குள் எனக்கு ஒன்று வேண்டும்.