தீவன எலி ரேக்: கடிக்கும் தாய் எலிக்குத் தாங்குமா?

பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பை வளர்ப்பவர்கள், அதற்கு இரையாகும் தீவன எலிகளை வளர்க்க வாங்கும், டிராயர் போல இழுக்கும் தொட்டி ரேக் இது. மேலே கம்பி வலை, அதிலேயே தீனிப் பள்ளம், பின்னால் எலி நக்கிக் குடிக்கும் தண்ணீர் நிப்பிள். பெரிய தொட்டியில் ஓர் ஆண், மூன்று பெண் போதும், நெருக்கினால் சண்டைதான்.

தீனி போடக் கையை உள்ளே விட வேண்டாம் என்பதே இதன் பெரிய பலம். தாய் எலி மூர்க்கமாகக் கடிப்பது குட்டி போட்ட முதல் வாரத்தில். அப்போது தொட்டியைச் சீண்டாமல் விட்டுவிடலாம்.

குறை, இழுக்கும்போது தெரியும். வலை ரேக்கோடு நின்றுவிட, மேற்புறம் திறந்து, தாய் நேரே கைக்குப் பாயும். 10 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டை உள்ளே நிரந்தரமாகப் போட்டுவையுங்கள். தாய் அதற்குள் நுழைந்ததும் இரு முனையையும் பொத்தி வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்; பிறகே குட்டிகளைத் தொடுங்கள். கையில் தீனி வாசனையோ வேறு எலியின் வாடையோ இருக்கக் கூடாது. தடித்த தோல் கையுறையை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்: பிடியின் இறுக்கம் தெரியாமல் எலியை நசுக்கிவிடும்.

தொட்டியின் அடியில் பரப்பும் மரத்தூள் நிப்பிளில் முட்டினால் இரவெல்லாம் ஒழுகும், குட்டிகள் நனைந்து குளிரில் சாகும். தூளைத் தாழ்வாகவே பரப்புங்கள். தேவதாரு மரத்தூள் வேண்டாம், ஆஸ்பென் மரத்தூள் நல்லது.

குட்டியில்லாதபோதும் கடிக்கிற எலியை எந்த ரேக்கும் திருத்தாது. சுபாவம் பரம்பரையாகவும் வரும். அதன் வாரிசுகளை இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள். கடிபட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பின்னர் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு வந்தால் எலி கடித்ததைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.